இந்தக் கேமரா எங்கே போகிறது?

அக்கா அந்தக் கேள்வியைக் கோபமாகக் கேட்டிருந்தால் அன்று மாலையே மறந்திருப்பேன். நாற்காலியில் சாய்ந்தபடி ஸ்பேஸ் பாரை ஒரு தட்டுத் தட்டினார். திரையில் ஓடிக்கொண்டிருந்த ஷாட் நின்றது. நிஜமாகவே தெரியாமல் கேட்கிறவர் மாதிரி என் பக்கம் திரும்பி, "இது எங்கடா போகுது?" என்றார்.

"அவரைச் சுத்திப் போகுதுக்கா."

"சரி. சுத்தி எங்க போகுது?"

"ஆரம்பிச்ச இடத்துக்கே வந்துரும்."

சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. அவர் சிரிக்கவில்லை. அந்த க்ளிப்புக்குச் சிவப்பு நிறம் கொடுத்துவிட்டு அடுத்ததற்குப் போனார். கூடப் பிறந்த அக்கா இல்லை. பல வருடங்களாக எடிட்டிங் செய்கிறவர், எங்கள் வட்டத்தில் எல்லோருக்கும் அக்கா. கைக்கடிகாரங்களைப் பழுதுபார்க்கும் ஒரு பெரியவரைப் பற்றிய 12 நிமிட ஆவணப்படம் அது. இரண்டு நாள் எடுத்து 140 க்ளிப்புகள் கொண்டுபோய்க் கொடுத்திருந்தேன். இரவு எழுந்து கிளம்பும்போது பச்சை நிறத்தில் மிஞ்சியவை ஒன்பது. அதிலும் ஆறு, 'கட் அவேக்கு (நடுவில் செருகும் துணைக் காட்சிக்கு) ஆகட்டும்' என்று ட்ரைபாடில் வைத்து அலட்சியமாக எடுத்தவை: சுவர்க் கடிகாரங்கள், திருகு டப்பாக்கள், மேசை விளக்கு. வியர்க்க வியர்க்க எடுத்ததெல்லாம் சிவப்பு.

மூன்று நாள் அக்காவோடு சரியாகப் பேசவில்லை. எடிட்டர்களுக்குக் கேமராவின் கஷ்டம் தெரியாது என்று ஒரு நண்பனிடம் புலம்பவும் செய்தேன். ஆனால் குளிக்கும்போதும் வண்டி ஓட்டும்போதும் அந்தக் கேள்வி மட்டும் வந்து வந்து நின்றது. எங்கே போகிறது? பதில் இல்லாததால்தான் கோபம் வந்தது என்பது புரிய இன்னும் சில நாள் ஆனது.

வழுக்கிக்கொண்டு போனதெல்லாம்

கேமராவைக் குலுங்காமல் தாங்கும் கிம்பல் என்ற கருவியை வாங்கிய புதிது. கையில் பிடித்தவர்களுக்கு அந்த மயக்கம் தெரியும். மூன்று மோட்டார்கள், மூன்று அச்சுகள். கை எந்தப் பக்கம் திரும்பினாலும் சாய்ந்தாலும் எதிர்ப்பக்கம் திருப்பிச் சரிசெய்துவிடும். ஆனால் அது திருத்துவது சுழற்சியை மட்டும்தான். நடக்கும்போது உடம்பு மேலும் கீழும் ஏறி இறங்குவதை அதனால் ஒன்றும் செய்ய முடியாது. அதற்கு முழங்காலை மடித்து, குதிகாலை முதலில் ஊன்றி, பாதத்தை மெல்ல உருட்டி நடக்கப் பழக வேண்டும். நான் பழகினேன். நீளமான தாழ்வாரம் ஒன்றின் கோடியில் இருக்கும் கதவின் கைப்பிடியை ஃபிரேமின் நடுவில் வைத்துக்கொண்டு, அது இம்மியும் ஆடாமல் நெருங்க வேண்டும். இதுதான் பயிற்சி. மூன்று மாதம் செய்தேன். தொடை கடுத்தது, இடுப்பு பிடித்தது, கைப்பிடி ஆடவில்லை.

இன்று யோசித்தால் அந்தப் பயிற்சியிலேயே கோளாறு இருந்தது. கைப்பிடி ஆடுகிறதா என்று மட்டும்தான் பார்த்தேன். கதவை நெருங்கியதும் திரையில் என்ன இருக்கிறது, எதை வெட்டினேன், எதை வைத்தேன் என்று ஒருநாளும் பார்த்ததில்லை. கதவு வந்ததும் பட்டனை அமுக்கி நிறுத்திவிடுவேன். மூன்று மாதம் நான் கற்றுக்கொண்டது போவதற்கு மட்டும்.

லென்ஸும் அப்படித்தான். கிம்பலில் காட்சியை அகலமாகக் காட்டும் லென்ஸ் போட்டால் குலுக்கல் குறைவாகத் தெரியும், ஃபோகஸ் பற்றியும் அதிகம் கவலைப்பட வேண்டாம். அதனால் 16 மில்லிமீட்டர் லென்ஸ். அதைப் போட்டுக்கொண்டு பெரியவரின் மேசையை ஒட்டிப் போனால், லென்ஸுக்கு அருகில் இருக்கும் முழங்கை பூசணிக்காய் மாதிரியும் முகம் எங்கோ தூரத்தில் இருப்பது மாதிரியும் தெரியும். அது லென்ஸின் குற்றம் என்று அப்போது நினைத்தேன். உண்மையில், பொருள்களுக்கு இடையே இருக்கும் தூரம் எப்படித் தெரிகிறது என்பதைத் தீர்மானிப்பது கேமரா நிற்கும் இடம்தான். லென்ஸ் அதில் எவ்வளவை அள்ளுகிறது என்பதோடு அதன் வேலை முடிந்தது. நான் தப்பான இடத்தில் நின்றேன். அகல லென்ஸ் போட்டிருந்ததால் அவ்வளவு கிட்டத்தில் நிற்க வேண்டிவந்தது. கிம்பல் இருந்ததால் அகல லென்ஸ். ஆக, பெரியவரின் முகம் எப்படித் தெரிய வேண்டும் என்று முடிவு செய்தது ஒரு மோட்டார்.

இப்போது திருகு விஷயத்துக்கு வருகிறேன். இதைத்தான் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தேன்.

இரண்டாம் நாள் மதியம். கடிகாரத்தின் பின்மூடியைக் கழற்றி வைத்து, கண்ணில் பூதக்கண்ணாடியைச் செருகிக்கொண்டு, ட்வீசரால் ஒரு திருகை எடுத்துக்கொண்டிருந்தார். எள்ளில் பாதிகூட இருக்காது. நான் அவருடைய வலது தோளிலிருந்து தொடங்கி முதுகுப் பக்கமாக வட்டமடித்துக்கொண்டிருந்தேன். சரியாக முதுகுக்குப் பின்னால் போனபோது 'டிக்' என்று ஒரு சின்னச் சத்தம். ட்வீசர் நுனியிலிருந்து திருகு சுண்டிப் போய்விட்டது. அவர் அசையவில்லை. இரண்டு உள்ளங்கையையும் மேசையில் பரப்பி வைத்தார். மூச்சு நின்ற மாதிரி இருந்தது. எழுந்தால் மடியில் விழுந்தது தரைக்குப் போய்விடுமே! அறை முழுக்கக் கடிகாரங்கள் ஓடுகிற சத்தம் தவிர வேறொன்றும் இல்லை. பிறகு ஒரே ஒரு விரலால், ஒத்தி எடுப்பது போல, சட்டைக் கையின் மடிப்பைத் தடவினார்.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்? ஒரு கணம் கிம்பல் திரையிலிருந்து கண்ணை எடுத்து அவர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தேன். பார்த்துவிட்டுத் திரும்பத் திரைக்கே போனேன். ஏனென்றால் ஷாட் நன்றாகப் போய்க்கொண்டிருந்தது. அடி வைப்பது தாளத்தில் அமைந்திருந்தது, நிறுத்தினால் கெட்டுவிடும். நான் முன்பக்கம் வந்துசேர்ந்தபோது திருகு கிடைத்து, தட்டில் வைத்தாகி, பெரியவர் சிரித்துக்கொண்டிருந்தார். என்னிடம் இருப்பது 22 விநாடி முதுகு. சட்டையின் தையல், பிடரி, மங்கலாக ஒரு சுவர். எண்ணெய் விட்டது போல வழுக்கிக்கொண்டு போகிற முதுகு.

அக்கா ஸ்பேஸ் பாரைத் தட்டியது இந்த ஷாட்டில்தான்.

வட்டமடித்த ஷாட்டுகளால் அவருக்கு இன்னொரு தலைவலியும் இருந்தது. பெரியவரின் கண்ணுக்கும் கையில் இருக்கும் கடிகாரத்துக்கும் நடுவே ஒரு கோடு இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கோட்டின் ஒரே பக்கத்தில் நின்று எடுத்தால் எல்லா ஷாட்டிலும் அவர் இடமிருந்து வலமாகவே பார்ப்பார். கோட்டைத் தாண்டி எடுத்த ஷாட்டை இதோடு ஒட்டினால் மனிதர் சட்டென்று திரும்பி உட்கார்ந்த மாதிரி ஆகிவிடும். ஓடுகிற ஷாட்டுக்குள்ளேயே கேமரா கோட்டைத் தாண்டினால் பரவாயில்லை, பார்க்கிறவர் கூடவே வருகிறார். ஆனால் அந்த ஷாட்டை எங்கே வெட்டுவது? எந்த இடத்தில் வெட்டினாலும் அது எதன் நடுவிலோ இருந்தது. "துணி இருக்கு, ஓரம் இல்ல. எதோட சேத்துத் தைக்க?" என்றார் அக்கா.

குனிந்த தலைக்கு எங்கே இடம்?

கோபம் ஆறிய பிறகு மிஞ்சிய ஒன்பது க்ளிப்புகளையும் கேட்டு வாங்கி வந்து, ஒவ்வொன்றையும் நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். அசைவை விட்டுவிட்டு ஃபிரேமை மட்டும் பார்ப்பது என்று வைத்துக்கொண்டேன். சிவப்பானவற்றின் நகல் என்னிடமே இருந்தது. அவற்றில் ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு படத்தை எடுத்து வரிசையாக அடுக்கினேன். ஆச்சரியம் என்னவென்றால் எல்லாம் 'சரி'யாகத்தான் இருந்தன. திரையை நெடுக்கிலும் குறுக்கிலும் மூன்று மூன்றாகப் பிரிக்கும் கட்டம் போட்டுக்கொண்டு எடுத்திருந்தேன். பெரியவரின் கண் எப்போதும் கோடுகள் வெட்டிக்கொள்ளும் புள்ளியில் இருந்தது. அப்படியும் ஒரு படம்கூட நிற்கவில்லை.

அந்தக் கட்டத்துக்குப் பின்னால் இருப்பது மூன்றில் ஒரு பங்கு விதி. அதற்கு அந்தப் பெயரை 1797-இல் எழுதிவைத்தவர் ஜான் தாமஸ் ஸ்மித் என்ற ஓவியர். அவர் பேசியது விகிதம் பற்றி: நிலக்காட்சியில் ஆகாயத்துக்கு இரண்டு பங்கு என்றால் நிலத்துக்கு ஒரு பங்கு, தண்ணீர் இரண்டு பங்கு என்றால் கரை ஒரு பங்கு, இந்த மாதிரி. எதற்கு எவ்வளவு இடம் என்பதுதான் அவருடைய கேள்வி. நாம் அதைக் கண்ணைக் கொண்டுபோய் ஒட்டும் நாலு புள்ளிகளாக ஆக்கிவிட்டோம். கட்டத்தை அணைத்துவிடுங்கள் என்று சொல்ல வரவில்லை. நானும் இன்னும் போட்டுக்கொண்டுதான் எடுக்கிறேன், அடிவானம் சாய்ந்திருக்கிறதா என்று பார்க்க.

பெரியவரின் படங்களில் என்ன கோளாறு என்று பிடிபட ஒரு வாரம் ஆனது. பேசுகிற மனிதர் எந்தப் பக்கம் பார்க்கிறாரோ அந்தப் பக்கம் இடம் விட வேண்டும். லுக் ரூம் என்பார்கள், எல்லோருக்கும் தெரியும். நானும் விட்டிருந்தேன், வலது பக்கத்தில் தாராளமாக. ஆனால் இந்த மனிதர் வலது பக்கம் பார்க்கவே இல்லை. நாள் முழுக்கக் கீழே பார்த்துக்கொண்டிருக்கிறார். அவருக்கு லுக் ரூம் கீழேதான் இருக்க வேண்டும். நானோ பழக்கதோஷத்தில் தலைக்கு மேல் ஹெட்ரூம் விட்டு, கீழே மணிக்கட்டோடு வெட்டியிருந்தேன். அவர் எதைப் பார்க்கிறாரோ அது ஃபிரேமிலேயே இல்லை. தலைக்கு மேல் ஒன்றுமில்லாத சுவர் மட்டும் பத்திரமாக இருந்தது. மணிக்கட்டு, முழங்கை மாதிரி மூட்டுகளில் வெட்டினால் அந்த உறுப்பே துண்டானது போலத் தெரியும் என்பதும் இதில் சேர்ந்துகொண்டது. நெருக்கமான ஷாட்டில் நெற்றியின் மேல்பக்கத்தை வெட்டினால் யாரும் கவனிப்பதில்லை; கையை, மோவாயை வெட்டினால் உடனே உறுத்தும்.

இன்னொன்று, விளக்கு. மேசை விளக்கு வெள்ளையாக வெந்துபோய் ஒவ்வொரு ஃபிரேமிலும் ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தது. கண் முதலில் போவது வெளிச்சமான இடத்துக்கு, அசைகிற பொருளுக்கு, முகத்துக்கு. முகம் குனிந்திருக்கிறது, கை அசைவது தெரியவில்லை. அப்போது மிஞ்சியது விளக்குதான். நான் எடுத்தது ஒரு விளக்கைப் பற்றிய படம், ஓரத்தில் ஒரு பெரியவர்.

இதே படத்திலிருந்து செல்பேசிக்காக நெட்டு வாக்கில் ஒரு துண்டு வெட்டித் தர வேண்டியிருந்தது. 16:9 ஃபிரேமிலிருந்து முழு உயரத்துக்கு 9:16 எடுத்தால் அகலத்தில் மூன்றில் ஒரு பங்குகூட மிஞ்சாது. ஓரத்துப் புள்ளியில் ஒட்டிவைத்த ஆள் பாதியாகிவிடுவார். அதுவும் பிறகுதான் தெரிந்தது.

காலை முடிவைப் பார்த்து வை

இந்தச் சமயத்தில் அசையாத கேமராதான் உயர்ந்தது என்று கட்சி மாறிவிட இருந்தேன். சூடுபட்ட ஆள் அப்படித்தான் ஆவான். அதற்கு ஆதரவாக ஜப்பானிய இயக்குநர் யசுஜிரோ ஓசுவின் பெயரையும் இழுத்துக்கொண்டேன்: தாழ்வான இடத்தில் கேமரா, பெரும்பாலும் 50 மில்லிமீட்டர் லென்ஸ், கடைசியாக எடுத்த வண்ணப் படங்களில் கேமரா நகர்வதே இல்லை. நண்பன் ஒருவன் ஒரே கேள்வியில் அடக்கினான். "அவர் இந்தக் கோடு, அந்தப் பக்கம் என்பதையெல்லாம் தாண்டித் தாண்டி வெட்டுவாரே, அதையும் எடுத்துக்கொள்கிறாயா?" வாயை மூடிக்கொண்டேன்.

நகரும் கேமராவின் பிறப்பையே பாருங்கள். 1896-இல், சினிமாவின் முன்னோடிகளான லூமியேர் சகோதரர்களின் ஒளிப்பதிவாளர் அலெக்சாந்தர் ப்ரோமியோ வெனிஸ் நகரில் படகு ஒன்றில் கேமராவை வைத்து, கால்வாய்க் கரையின் கட்டடங்களை எடுத்தார். அசையாத கேமராவால் அசையும் பொருள்களைக் காட்ட முடிகிறதே, அதைத் திருப்பிப் போட்டு, அசையும் கேமராவால் அசையாத பொருள்களைக் காட்டினால் என்ன என்று அவர் யோசித்திருக்கிறார். ஒரு சுருள் சுமார் 50 விநாடிதான் ஓடும். அதில் கேமரா செய்த வேலை ஒன்றுமில்லை, படகுதான் போனது. ஆனாலும் அந்த யோசனையில் ஒரு கணக்கு இருக்கிறது. எதிரே இருப்பது அசையவில்லை, அதனால் நான் அசைகிறேன். என் பெரியவரின் மேசையிலோ எல்லாம் அசைந்துகொண்டிருந்தது: விரல், ட்வீசர், சக்கரம், இமை. எல்லாம் அரிசி அளவில். அதைச் சுற்றி ஐந்தரை அடி உயரத்துக்கு நான் ஒருவன் ஓடினால் எது கண்ணில் படும்?

ஜூமுக்கும் ட்ராலிக்கும் உள்ள வித்தியாசத்தைக்கூட அந்த மேசையில்தான் சரியாகப் பார்த்தேன். பெரியவருக்குப் பின்னால் சுவர் முழுக்கக் கடிகாரங்கள். ஜூம் செய்தால் அவரும் பின்னால் இருக்கும் கடிகாரங்களும் ஒரே விகிதத்தில் பெரிதாகிறார்கள். ஒரு புகைப்படத்தை வெட்டிப் பெரிதாக்கியது மாதிரி. கேமராவையே நகர்த்திப் போனால் அவர் மட்டும் வளர்கிறார், சுவர்க் கடிகாரங்கள் ஒவ்வொன்றாக அவர் தோளுக்குப் பின்னால் மறைந்து போகின்றன. முதலாவது 'இதைக் கவனி' என்கிறது. இரண்டாவது அவர் பக்கத்தில் கொண்டுபோய் உட்காரவைக்கிறது. இரண்டும் வேண்டும்தான். எதை எப்போது என்று கேட்டால், போய்ச் சேரும் ஃபிரேமில் அந்தக் கடிகாரங்கள் இருக்க வேண்டுமா, போயிருக்க வேண்டுமா என்று பார்த்துத்தான் சொல்ல முடியும்.

போய்ச் சேரும் ஃபிரேம். இந்த இடத்தில்தான் பழைய நினைவு ஒன்று வந்து தலையில் குட்டியது. நான் உதவியாளாகச் சேர்ந்த புதிதில், தோளில் கேமராவை வைத்துக்கொண்டு பேன் செய்யச் சொன்னார், அதாவது பக்கவாட்டில் திருப்பச் சொன்னார், ஒரு ஒளிப்பதிவாளர். இடது பக்கம் ஒரு தூண், வலது பக்கம் ஒரு ஜன்னல். தூணைப் பார்த்து வசதியாக நின்றுகொண்டு ஜன்னல் வரை திரும்பினேன். முடிவில் உடம்பு முறுக்கிக்கொண்டு, மூச்சுப் பிடித்து, கேமரா நடுங்கியது. அவர் என் தோளைப் பிடித்து ஜன்னலைப் பார்த்து நிற்கவைத்தார். "காலை முடிவைப் பார்த்து வை. இடுப்பை மட்டும் திருப்பித் தொடக்கத்துக்குப் போ. இப்ப அவுந்து வா." வந்தேன். முறுக்கிய கயிறு தானாகப் பிரிவது போல உடம்பு ஜன்னலுக்கு வந்து சுகமாக நின்றது.

இத்தனை வருடமாக அதை நடுக்கம் வராமலிருக்க ஒரு உத்தி என்று மட்டும் நினைத்திருந்தேன். காலை எங்கே வைப்பது என்று தெரிய வேண்டுமானால் முடிவு எது என்று முன்னாலேயே தெரிந்திருக்க வேண்டும். முதலில் ஜன்னலில் ஃபிரேம் வைத்துப் பார்க்க வேண்டும். பிறகு தூணுக்குப் போக வேண்டும். பிறகுதான் பட்டன். அவர் கற்றுக்கொடுத்த வரிசையே அது. ஒரு பேன் என்பது இரண்டு படங்கள், நடுவில் ஒரு பயணம். என்னிடம் இருந்ததெல்லாம் நடுவில் இருப்பது மட்டும். அக்கா கேட்ட 'ஓரம்' இதுதான். தொடக்கத்தில் ஐந்து விநாடி, முடிவில் ஐந்து விநாடி அசையாமல் பிடி என்று எல்லா எடிட்டர்களும் கத்துவது, அந்த இரண்டு படங்களையும் கொடு என்பதற்காகத்தான்.

நடுவில் இருக்கும் பயணத்துக்கும் கணக்கு உண்டு, இல்லாமல் இல்லை. விநாடிக்கு 24 ஃபிரேமில் எடுக்கும்போது, ஒரு பொருள் திரையின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்குப் போக 7 விநாடியாவது ஆகட்டும் என்பது பழைய கைக்கணக்கு. அதைவிட வேகமாகப் பேன் செய்தால் படம் தடதடக்கும். ஒரேயடியாகச் சுழற்றி மங்கலாக்கிவிடுவது வேறு கதை.

மூன்றாவது கடிகாரம்

பெரியவரிடம் மறுபடி போய் நின்றேன். "என்ன தம்பி, படம் சரியா வரலியா?" என்றார். "என் தப்புங்க ஐயா. இன்னொரு நாள் உக்காரணும்" என்றேன். "உக்காருங்க. நடக்காம இருந்தா சரி" என்று சொல்லிவிட்டுக் கண்ணாடியைச் செருகிக்கொண்டார். நான் சுற்றியது அவரை எவ்வளவு தொந்தரவு செய்திருக்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது.

கிம்பலை எடுத்துப் போகவில்லை. ஒரு ட்ரைபாட், 85 மில்லிமீட்டர் லென்ஸ். முதல் ஒரு மணி நேரம் கேமராவைப் பையிலிருந்தே எடுக்கவில்லை. பார்த்துக்கொண்டிருந்ததில் ஒரு விஷயம் பிடிபட்டது. கடிகாரத்தைச் சேர்த்து முடித்துச் சாவி கொடுத்ததும் அவர் அதைப் பார்ப்பதில்லை. வலது கையால் எடுத்து வலது காதில் வைத்துக்கொள்கிறார், கண் மூடிக்கொள்கிறது. கை மேசையிலிருந்து காதுக்குப் போகிறது. இந்த மேசையில் நடக்கும் ஒரே பெரிய அசைவு அதுதான், அதற்கு ஒரு முடிவும் இருக்கிறது.

முடிவிலிருந்து தொடங்கினேன். காது, கடிகாரம், மூடிய கண், நெற்றிக்கு மேல் கொஞ்சமாக வெட்டு, முகத்துக்கு முன்னால் வெறும் இடம். விளக்கை இரண்டு அங்குலம் தள்ளி ஃபிரேமுக்கு வெளியே அனுப்பினேன். வெளிச்சம் மட்டும் கன்னத்தில் விழுந்தது. பிறகு ட்ரைபாடின் தலையான ஹெட்டைக் கீழே சாய்த்துத் தொடக்க ஃபிரேம்: மேசையில் கை, சக்கரங்கள். அடுத்தது ஃபோகஸ். முழு ஃபிரேம் கேமராவில் 85 மில்லிமீட்டர், லென்ஸ் திறப்பு எஃப் 2.8, 2 மீட்டர் தூரம் என்றால் தெளிவாகத் தெரியும் ஆழம் சுமார் 9 சென்டிமீட்டர்தான். கை மேலே வரும்போது லென்ஸிலிருந்து விலகினால் போயிற்று. ஒரு நூலை லென்ஸ் அருகில் பிடித்து மேசைக்கு ஒரு முறை, காதுக்கு ஒரு முறை அளந்து, இரண்டும் ஒரே தூரமாக வரும்வரை ட்ரைபாடை நகர்த்தினேன். காதில் நூல் பட்டதும் பெரியவர் நெளிந்தார். "சட்டை தைக்கப் போறீங்களா?"

அன்று அவரிடம் முடியும் நிலையில் மூன்று கடிகாரங்கள் இருந்தன. ஆக எனக்கு மூன்று வாய்ப்பு. நடிக்கச் சொல்லக் கூடாது என்று முடிவு செய்திருந்தேன்.

முதல் கடிகாரம். கை கிளம்பியதைப் பார்த்துக் கேமராவை உயர்த்தினேன், காதைத் தாண்டிப் போய், நெற்றிக்கு மேல் சுவரைக் காட்டிவிட்டு, இரண்டு விரற்கடை கீழே இறங்கி நின்றேன். அந்தத் திருத்தம் அப்பட்டமாகத் தெரிந்தது. ஹெட்டின் இறுக்கத்தைக் கூட்டினேன்.

இரண்டாவது. இந்த முறை காத்திருந்து காத்திருந்து, அவர் சாவி கொடுத்து முடித்ததுமே கிளம்பிவிட்டேன். கேமரா காதருகில் வந்து நின்றது. கை இன்னும் வரவில்லை. ஒரு விநாடி கழித்துக் கை உள்ளே வந்தது. ஒரு விநாடிதான். ஆனால் அந்த ஒரு விநாடியில் அவர் நடிகராகிவிட்டார். என்ன நடக்கப் போகிறது என்று கேமராவுக்கு முன்பே தெரிந்திருக்கிறது. கை கிளம்பியிருக்க வேண்டும், அதைப் பார்த்து நான் கிளம்பியிருக்க வேண்டும். அரை விநாடி பின்னால் போதும்.

மூன்றாவது ஒரு பழைய கடிகாரம். மணிக்கு 18,000 துடிப்பு, விநாடிக்கு ஐந்து டிக் என்று அவரே சொல்லியிருந்தார். பிந்தைய வகைகளில் பல 28,800, விநாடிக்கு எட்டு. (24 ஃபிரேமில் எட்டு டிக் என்றால் டிக்குக்கு மூன்று ஃபிரேம், சுத்தமாக வகுபடும். ஐந்து டிக் வகுபடாது. இதைக் கேட்டு அக்கா மட்டும்தான் சந்தோஷப்பட்டார்.) சாவி கொடுத்தார். கை கிளம்பியது. நான் அரை விநாடி விட்டுக் கிளம்பினேன். கையும் கேமராவும் ஒன்றாகப் போய்க் காதில் நின்றன. கண் மூடியது. முன்னால் வெறும் இடம்.

நின்றது நின்றபடி இருந்தது. இமை ஒரு தடவை துடித்தது. கடிகாரம் ஓடவில்லை. வாய் ஓரம் மெல்ல இறுகியது. பிறகு கண் திறந்தது, எங்கும் பார்க்கவில்லை. கை காதிலிருந்து இறங்கி ஃபிரேமை விட்டுக் கீழே போனது.

என் மணிக்கட்டு அதன் பின்னால் போகத்தான் பார்த்தது. பேன் கைப்பிடியில் அந்த இழுப்பை உணர்ந்தேன். போகாததற்கு ஞானம் எதுவும் காரணமில்லை. கீழே எனக்கு ஃபிரேம் கிடையாது, அவ்வளவுதான். நான் அளந்து வைத்திருந்த முடிவு முகம். அதனால் முகத்திலேயே நின்றேன். காது மட்டும், கடிகாரம் இல்லாமல். ஃபிரேமில் இருந்த வெறும் இடத்தைப் பார்த்து அவர் மெல்லத் தலையாட்டினார், யாரோ சொன்னதை ஒப்புக்கொள்வது மாதிரி. திரைக்கு வெளியே பின்மூடி திறக்கும் சத்தம் கேட்டது. பதினொரு விநாடி.

அக்கா அந்த ஷாட்டைப் பார்த்தபோது கை ஸ்பேஸ் பாருக்குப் போகவில்லை. முடிந்ததும் திரும்ப ஓடவிட்டார். மூன்றாம் முறை பார்த்துவிட்டு, "கை கீழ போனப்ப நீ ஏன் கூடப் போகல?" என்றார்.

"கீழ எனக்கு ஃபிரேம் இல்லக்கா."

இந்த முறை சிரித்தார். க்ளிப் பச்சையானது.

"சரி, அந்த வாட்ச் அப்புறம் ஓடிச்சா?"

"ஓடிச்சு. பத்து நிமிஷத்துல மறுபடி பிரிச்சுச் சேத்துட்டார். காதுல வச்சதும் மனுஷன் முகத்த நீங்க பாத்திருக்கணும்."

"எங்க அந்த ஷாட்?"

"அப்ப பேட்டரி மாத்திட்டு இருந்தேன்."

கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். பிறகு திரைப்பக்கம் திரும்பி, பதினொரு விநாடியோடு இன்னும் பத்து ஃபிரேம் சேர்த்தார்.